மானிட்டரைத் திருப்பினா எழுத்து ஏன் கலர் அடிக்குது?

மீமிசலோ மதுரையோ, டிடிபி கடையில் ஏ4 பக்கம் முழுசாகத் தெரியணும்னா மானிட்டரை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைப்பது வசதிதான். ஆனா, எழுத்து ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கசிவு தெரியலாம். பழைய சாஃப்ட்வேர்களில் இது அதிகம். கண்ணாடி பவரைச் சந்தேகப்படாதீங்க.

சாதாரண எல்சிடி திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த கிளியர்டைப், இவற்றைத் தனித்தனியாகக் கையாண்டுதான் எழுத்தை வழவழப்பாக்குகிறது. திரையைத் திருப்பினால் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாகிவிடும். கிளியர்டைப்போ பழைய கணக்கிலேயே ஓடும்.

தமிழுக்கு இது கூடுதல் தொல்லை. ண, ன சுழிகள் நெருக்கமானவை. பொடி எழுத்தில் புள்ளி மங்கினால் 'க்' கூட 'க' மாதிரி தெரியும். அச்சில் இந்தக் கலர் வராது. ஆனா, புரூஃபில் கண்ணுக்குத் தப்பிய புள்ளி கல்யாணப் பத்திரிகையில் அப்படியே போய்விடும்.

விண்டோஸ் தேடலில் கிளியர்டைப் ட்யூனரைத் திறந்து, முதல் பக்கத்து டிக்கை எடுத்துடுங்க. எழுத்து கொஞ்சம் மங்கலாகும், கலர் போய்விடும். லினக்ஸில் செங்குத்துப் பட்டைகளுக்கென்றே தனித் தேர்வு உண்டு. ஆப்பிள் 2018-ல், மொஜாவேயில் இந்த உத்தியையே கைவிட்டது. எதுவாக இருந்தாலும், புரூஃப் பார்க்கும்போது ஜூமைக் கூட்டி வெச்சுக்கோங்க.