பின்சாய்ந்த இறக்கை

பெங்களூரில் குடியேறி வாழும் நம்மவருள் பலர் சுரஞ்சன் தாஸ் சாலை வழியே அன்றாடம் போய்வருகின்றனர். அப்பெயருக்கு உரியவர் யார் என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. இந்தியாவில் வரையப்பெற்று இந்தியாவிலேயே உருவான முதல் ஜெட் போர்விமானத்தை, 1961 ஜூன் 17 அன்று இந்நகரின் வானில் முதன்முதலாகச் செலுத்திய விமானி அவர். விமானத்தின் பெயர் எச்.எப்.24 ‘மருத்’. மருத் என்பது காற்றைக் குறிக்கும் வடசொல். நாம் வழங்கும் மாருதமும் அதன் கிளையே.

அதன் இறக்கைகள் உடலிலிருந்து நேராக விரியாமல், அம்பின் முனைபோலப் பின்னோக்கிச் சாய்ந்திருந்தன. இந்தச் சாய்வுக்கு ஒரு வரலாறு உண்டு. 1935இல் ரோமாபுரியில் கூடிய அறிஞர் மாநாட்டில் அடால்ப் பூசெமன் என்னும் ஜெர்மானியர் இதனை எடுத்துரைத்தார். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கையின் மேல் காற்று குமுறி, பெருந்தடையாக நிற்கும். மேட்டின்மீது நேரே ஏறுகிறவனுக்குச் சரிவு செங்குத்தாய் இருக்கும். சாய்ந்து ஏறுகிறவனுக்கு அதே மேடு தணிந்துவிடும். மலைப்பாதை வளைந்து செல்வது இதற்காகத்தானே? சாய்ந்த இறக்கையின் புடைப்பும் காற்றுக்கு அவ்வாறே தணிந்து நிற்கிறது. தடை தோன்றும் வேகம் தள்ளிப்போகிறது. யுத்தம் முடிந்தபின் அமெரிக்கரின் சேபரும் ரஷ்யரின் மிக்-15உம் ஒன்றுபோல 35 பாகை சாய்ந்த இறக்கையுடன் வந்தன.

ஆனால் இந்த லாபம் இலவசமாகக் கிடைப்பதன்று. சாய்ந்த இறக்கையைக் காற்று தூக்கும்போது, அது வளைவதோடு நில்லாமல் முறுக்கவும் படுகிறது. அச்சுமை முழுவதும் இறக்கை உடலோடு சேரும் அடிப்பகுதியில் வந்து விழும். அதைத் தாங்கக் கனத்த உலோகம் வேண்டும். கனம் கூடினாலோ வேகம் குறையும். மற்றொரு தொல்லை, காற்று இறக்கை நுனியை நோக்கி வழுகிச் செல்வது. வேகம் குன்றும்போது நுனியே முதலில் தூக்கும் ஆற்றலை இழக்கிறது. நுனி பின்னால் இருப்பதால் மூக்கு தானாகவே மேலெழும்; தரை அருகே இது நேர்ந்தால் விமானிக்கு உயிராபத்து.

மருத்தை வரைந்த குர்ட் டாங்க் இவ்விரண்டையும் கண்டவர். அர்ஜென்டினாவில் அவர் அமைத்த புல்கி விமானங்களுள் ஒன்றின் இறக்கை 1951இல் பறக்கையிலேயே பிரிந்தது. 1952இல் மற்றொன்று வேகமிழந்து வீழ்ந்தது. இரண்டு விமானிகள் மாண்டனர். 1956இல் அவர் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார். எஞ்சின் பொருத்துவதற்கு முன், மருத்தின் அதே வடிவில், அதே அளவில் மரத்தாலான கிளைடர் ஒன்று இங்கே செய்யப்பட்டது. டகோடா விமானம் அதனை இழுத்துச் சென்று வானில் விட, குறைந்த வேகத்தில் இறக்கையின் போக்கு சோதிக்கப்பட்டது. 1959 தொடங்கி ஓராண்டுக்குள் 78 முறை அது பறந்தது. ஒலியை மிஞ்சும் வேகத்தைச் சோதிக்கவல்ல பெரிய காற்றுச் சுரங்கம் பெங்களூருக்கு வந்ததோ 1967இல்! தச்சரின் கைவேலையை நம்பி ஒரு ஜெட் விமானம் பிறந்தது என்றால் அது மிகையாகாது.

ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தை எண்ணி வரைந்த இறக்கை அது. எண்ணிய எஞ்சின் கிடைக்கவில்லை; பிரிட்டிஷார் அதன் ஆக்கத்தைக் கைவிட்டனர். வலுக்குறைந்த ஆர்பியஸ் எஞ்சின் இரண்டைக்கொண்டு மருத் ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது. இதனைத் தோல்வி என்பார் உளர். இறக்கையின்மீது அக்குற்றத்தைச் சுமத்துவது நியாயமன்று. 1971 போரில் ஒரு எஞ்சின் சேதமுற்ற மருத்துகள் மற்றொன்றின் பலத்தால் தளம் திரும்பியதுண்டு. வலுவைக் கூட்டும் முயற்சியில்தான் சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரி 10 அன்று, மாற்றியமைத்த மருத் ஒன்றுடன் பெங்களூரில் மேலெழுகையில் உயிர் நீத்தார். மொத்தம் 147 விமானங்கள் செய்யப்பட்டன.

2001 ஜனவரி 4 அன்று இதே நகரில் எழுந்த தேஜஸ் வேறு வழியை மேற்கொண்டது. அதன் இறக்கை முக்கோணம். அடி மிக அகன்றிருப்பதால், மெல்லியதாய் இருந்தும் சுமையைத் தாங்கும். எரிபொருளுக்கும் இடம் தரும். தொடர்ந்து வட்டமிட்டால் மட்டும் வேகத்தை விரைவில் இழக்கும். கரியிழையால் ஆன அவ்விறக்கைக்குத் துணையாக வால் இறக்கை இல்லை. நொடிதோறும் கணிப்பொறியே அதைச் சமன் செய்கிறது. முதல் தேஜஸ் படைப்பிரிவு 2018இல் கோவையை அடுத்த சூலூருக்கு இடம் பெயர்ந்தது.

பழைய விமானநிலையச் சாலையிலுள்ள விமானக் காட்சிசாலையில் மருத் ஒன்று நிற்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், இறக்கை உடலோடு சேரும் இடத்தைச் சற்று நின்று பார்க்கலாம்.