எல்லை தாண்டிய விடிவெள்ளி

வானத்தில் புரியாத வெளிச்சம் பார்த்ததாக ஒருவர் சொன்னால், நம்மாட்கள் முதலில் கேட்பது "பார்த்தது யாரு, நம்பலாமா?" என்றுதான். 2012 லடாக் விவகாரத்தில் அந்தக் கேள்விக்கே வேலையில்லை. பார்த்தவர்கள் பாங்காங் ஏரிப் பக்கம் காவலில் இருந்த ராணுவத்தினரும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினரும்.

மஞ்சள் ஒளிப்பந்து ஒன்று சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து எழும்பும். மூன்று முதல் ஐந்து மணி நேரம் மெல்ல நகர்ந்து மறைந்துவிடும். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை 329 தடவை இப்படிப் பதிவாகியிருக்கிறது. அதில் 155 தடவை எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்ததாகக் கணக்கு. சீன உளவு ட்ரோன் என்றுதான் சந்தேகம்.

ராணுவம் சும்மா இருக்கவில்லை. அப்போது வந்த செய்திகளின்படி, மலையுச்சிக்கு ரேடாரைக் கொண்டுபோனார்கள். கண்ணுக்குத் தெரிந்தது ரேடாரில் விழவில்லை. ஆளில்லா விமானத்தை அனுப்பினார்கள். அது உச்ச உயரம் போயும் எட்ட முடியவில்லை. எப்படி எட்டும்? டிஆர்டிஓவும் கைவிரித்தது. ஹான்லே வானாய்வகக் குழு மூன்று நாள் கவனித்துவிட்டு, இது வான்பொருள் இல்லை என்று சொன்னதாகக்கூடச் செய்தி வந்தது.

2013 ஜூலையில் விடை வெளியானது: வியாழனும் வெள்ளியும்! சொன்னது, ஹான்லேயை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம். (நம்ம கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் இவர்களுடையதுதான்.)

"வெள்ளி கிரகம்" என்பது சாக்காகவும் பயன்பட்ட பதில் என்பதால் எனக்கும் முதலில் சந்தேகம்தான். 1948-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு பறக்கும் பொருளைத் துரத்திப்போய் விமானி மான்டெல் இறந்தபோது, விமானப்படை முதலில் வெள்ளியைத்தான் கைகாட்டியது. பிறகு ஸ்கைஹூக் பலூனாக இருக்கலாம் என்றார்கள்.

ஆனால் லடாக்கில் கணக்கு பொருந்துகிறது. 2012 ஆகஸ்ட் 15 அன்று வெள்ளி, காலை வானில் சூரியனிலிருந்து அதிகபட்சம் விலகியிருந்தது. விடிவதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பே கிழக்கில் எழும்பும், வெளிச்சம் வந்ததும் காணாமல் போகும். வியாழன் ஆகஸ்டில் நள்ளிரவை ஒட்டி உதித்தது. தினமும் ஏறக்குறைய நாலு நிமிஷம் முந்தி முந்தி, டிசம்பரில் பொழுது சாயும்போதே வந்துவிட்டது. எந்த ட்ரோனும் இந்த அட்டவணைப்படி டியூட்டிக்கு வராது. லாக் பார்த்துப் பிழை தேடும் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், அந்த வீரர்கள் விடாமல் எழுதி வைத்ததுதான் பெரிய விஷயம்.

மேலூர்ப் பக்கம் விடியுமுன் வயலுக்குப் போகிற சம்சாரிக்கு இது விடிவெள்ளி. நம்ம ஊர்த் தூசியில் அடிவானத்தில் மங்கிச் சிவந்து தெரியும். நாலாயிரம் மீட்டருக்கு மேலே, மெல்லிய காற்றில், அதே வெள்ளி கண்ணைப் பறிக்கும். அதுவும் கிழக்கே இருப்பது சீனா. 1962-ல் சண்டை நடந்த இடம். நிஜமாகவே ட்ரோன்கள் பறக்கும் காலம் வேறு. காவலுக்கு நிற்பவர் மனசு எதை முதலில் நினைக்கும்?

அந்த விடை வெளியாவதற்கு மூன்று மாதம் முன்னால், 2013 ஏப்ரலில், அதே லடாக்கின் தெப்சாங் சமவெளியில் இரு நாட்டுப் படைகளும் கூடாரம் போட்டு எதிரெதிரே மூன்று வாரம் நின்றிருந்தன. 155 ஊடுருவல் என்ற கணக்கு அப்போதும் கோப்பில் இருந்தது.