நிலுவை யாருக்குச் சேரும்? அமெரிக்கப் புரட்சிப் படைவீரர் ஓய்வூதியமும் வாரிசுகளின் கோரிக்கையும்

அமெரிக்கப் புரட்சிப் போரில் (1775–1783) பணியாற்றிய வீரரின் ஓய்வூதியத்தில் அவர் பிள்ளைகளுக்கு உரிமை உண்டா? நாட்டுக்கு உழைத்தவருக்கு அரசு பட்ட கடனே ஓய்வூதியம் என்றால், அது வாரிசுக்கும் சேரவேண்டும். வறியவருக்கு இரங்கி அளிக்கும் உதவி என்றால், அவரோடு முடிந்துவிடும். அமெரிக்கச் சட்டம் இவ்விரு நிலைகளுக்கும் இடையே நூறாண்டு தயங்கியது. ஓய்வூதியத்தை வாரிசுச் சொத்தாக ஏற்காமல், அதன் நிலுவையை மட்டும் வாரிசுகளுக்கு விட்டுக்கொடுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கச் சட்டங்கள்

1776 ஆகஸ்ட் 26 அன்று குடியேற்றங்களின் கூட்டுப் பேரவையான கண்டக் காங்கிரஸ் இயற்றிய முதல் ஓய்வூதியத் தீர்மானம், போரில் ஊனமுற்றோருக்குப் பாதிச் சம்பளம் அளிக்க முன்வந்தது. 1780 ஆகஸ்டில், உயிரிழந்த அதிகாரிகளின் மனைவியருக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் ஏழாண்டுப் பாதிச் சம்பளம் உறுதியளிக்கப்பட்டது. சாதாரணச் சிப்பாயின் குடும்பத்துக்கு இத்தீர்மானத்தில் இடமில்லை. போர் முடியும்வரை பணியாற்றிய அதிகாரிகளுக்கு 1780 அக்டோபரில் வாக்களித்த வாழ்நாள் பாதிச் சம்பளம், 1783 மார்ச்சில் ஐந்தாண்டு முழுச் சம்பளத்துக்கு ஈடான கடன் பத்திரமாக மாற்றப்பட்டது.

உடல் ஊனம் இல்லாத சிப்பாய்க்கு வழி திறந்தது 1818 மார்ச் 18-ஆம் நாள் சட்டம். அப்பேரவையின் நிலைப்படையான கண்டப் படையில் ஒன்பது மாதமோ போர் முடியும்வரையோ பணியாற்றி, இப்போது வறுமையில் வாடுவோருக்கு அது மாதம் 8 டாலர் வழங்கியது; அதிகாரிகளுக்கு 20 டாலர். விண்ணப்பங்கள் குவியவே, 1820-இல் காங்கிரஸ் பிடியை இறுக்கியது. உடுதுணியும் படுக்கையும் தவிர எல்லா உடைமைகளையும் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணத்துடன் பட்டியலிட வேண்டியதாயிற்று. வறுமையை மெய்ப்பிக்க இயலாத பலரின் பெயர் நீக்கப்பட்டது. இரக்கத்தின் அடிப்படையில் எழுந்த சட்டத்தில் வாரிசு என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

1832: திருப்புமுனை

1832 ஜூன் 7-ஆம் நாள் சட்டம் வறுமை நிபந்தனையைக் கைவிட்டது. இரண்டாண்டு பணியாற்றியவருக்கு முழுச் சம்பளமும், குறைந்தது ஆறு மாதம் பணியாற்றியவருக்கு அதற்கேற்ற பங்கும் கிடைத்தன. ஊர்க்காவல் படையினரும் சேர்க்கப்பட்டனர். தொகை 1831 மார்ச் 4 முதல் கணக்கிடப்பட்டது. ஓய்வூதியத்தை விற்கவோ கடனுக்காகப் பறிமுதல் செய்யவோ முடியாது என்ற அதே சட்டம், வீரர் இறக்கும்வரை சேர்ந்த நிலுவையை மனைவிக்கும், மனைவி இல்லையெனில் பிள்ளைகளுக்கும் தந்தது. வாரிசுகள் உள்ளே நுழைந்த சிறு வாசல் இதுதான்.

மனைவியருக்கான வாசல் படிப்படியாக அகன்றது. போர்க்காலப் பணி முடியுமுன் மணந்தவர்களுக்கு 1836-இலும், 1794-க்கு முன் மணந்தவர்களுக்கு 1838-இலும், 1800 தொடக்கத்துக்கு முன் மணந்தவர்களுக்கு 1848-இலும் உரிமை வந்தது. 1853-இல் திருமணத் தேதி வரம்பே நீங்கியது. முதுமையில் வீரர்கள் மணந்த இளம்பெண்களும் இதனால் தகுதி பெற்றனர். 1835-இல் மணம்புரிந்த எஸ்தர் டேமன், புரட்சி வீரரின் மனைவியாக ஓய்வூதியம் பெற்ற கடைசிப் பெண்; அவர் 1906-இல் மறைந்தார்.

டெபோரா கேனட் வழக்கு

மாசசூசெட்ஸைச் சேர்ந்த டெபோரா சாம்ப்சன், 1782-இல் ராபர்ட் ஷர்ட்லிஃப் என்ற பெயரில் ஆண் வேடத்தில் படையில் சேர்ந்தவர். பின்னர் பெஞ்சமின் கேனட்டை மணந்தார். புரட்சியில் பெயர்பெற்ற பால் ரிவியர் அவருக்காகக் காங்கிரஸ் உறுப்பினருக்குப் பரிந்து எழுதினார்; 1805-இல் ஓய்வூதியம் கிடைத்தது. 1827-இல் டெபோரா இறந்தபின், மனைவியருக்கான உரிமையைக் கணவராகத் தனக்கும் கேட்டார் பெஞ்சமின். சட்டம் கணவரை எண்ணிப் பார்க்கவே இல்லை. முடிவு வருமுன் 1837 ஜனவரியில் அவரும் காலமானார். 1838 ஜூலை 7 அன்று காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றி, வாரிசுகளுக்கு 466.66 டாலர் அளித்தது. 1831 மார்ச் 4 முதல் பெஞ்சமின் இறந்த நாள்வரை ஆண்டுக்கு 80 டாலர் என்ற கணக்கு அது. பிள்ளைகள் பெற்றது தாயின் ஓய்வூதியத்தை அன்று. தந்தைக்குச் சேர்ந்திருக்க வேண்டிய நிலுவையையே. சட்டத்தின் தருக்கம் இத்தொகையில் துல்லியமாகத் தெரிகிறது.

1856-இல் வால்டன் எதிர் காட்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலுவைக்குரிய பிள்ளைகள் என்பதில் பேரப்பிள்ளைகளும் அடங்குவர் எனத் தீர்ப்பளித்தது. பெறுவோர் வட்டம் விரிந்தது. பெறும் பொருள் நிலுவையாகவே நின்றது.

சான்றுகளின் சுமை

போர்த்துறை அலுவலகத் தீ (1800), வாஷிங்டனில் பிரிட்டிஷார் வைத்த தீ (1814) ஆகியவற்றில் பதிவேடுகள் பல அழிந்தன. எனவே பணியை மெய்ப்பிக்கும் பொறுப்பு குடும்பத்தின் தலையில் விழுந்தது. முதிய வீரர்கள் நீதிமன்றத்தில் தளபதிகளின் பெயரையும் கண்ட சண்டைகளையும் வாக்குமூலமாகச் சொன்னார்கள். போதகரும் அண்டை அயலாரும் சாட்சி நின்றனர். திருமணத்தையும் பிறப்பையும் நிறுவ, அவற்றைக் குறித்துவைத்த குடும்ப விவிலியத்தின் பக்கங்களையே கிழித்து அனுப்பினர். இவ்வாறு திரண்ட சுமார் 80,000 கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 2,670 நுண்படச் சுருள்களாக உள்ளன.

முடிவுரை

1911-இல் மறைந்த ஃபீபி பால்மீட்டர், புரட்சி வீரரின் மகளாக ஓய்வூதியம் பெற்ற கடைசி நபர். அதற்கும் தனிச்சட்டமே தேவைப்பட்டது. மகள் என்ற உறவு மட்டும் பொதுச் சட்டத்தில் கடைசிவரை போதவில்லை என்பதற்கு இது சான்று. மனைவிக்கு உரிமையாக வந்தது, பிள்ளைக்கு நிலுவையாகவோ விதிவிலக்காகவோதான் வந்தது. ஆகவே இக்கோப்புகளை வீரர்களின் வரலாறாக மட்டும் வாசிப்பது போதாது. சேவைக்கான நன்றி எந்தத் தலைமுறையில் கடனாக இருப்பதை நிறுத்துகிறது என்று ஓர் இளம் குடியரசு எல்லை வகுத்த வரலாறும் இவற்றில் இருக்கிறது.