ரோச்சோர் கால்வாயின் குமிழிகள்: உவர்நீர் நன்னீரானதும் மீத்தேன் கணக்கும்

கனடாவின் ஏப்ரஹாம் ஏரியில் பனிக்கட்டிக்குள் வெள்ளைத் தட்டுகளாக அடுக்கி நிற்கும் குமிழிகளின் படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது இயற்கை ஏரி அன்று; வட சஸ்காட்செவன் ஆற்றில் பிக்ஹார்ன் அணை எழுந்தபின், 1972இல் உருவான நீர்த்தேக்கம். உயிரிப் பொருள் அடியில் மட்கி மீத்தேனாகி மேலேறும்போது, கீழ்நோக்கி வளரும் பனிக்கட்டி அதைச் சிறைபிடிக்கிறது. நீரைத் தேக்கினால் அடிச்சேற்றின் வேதியியல் மாறும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை. சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் பெய்யும் மழைநீர் சென்றடையும் மரினா நீர்த்தேக்கத்திலும் அத்தகைய மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. அங்கே முதன்மையாக மாறியது நீரின் ஆழம் அன்று, உப்பு. அதன் விளைவைக் குமிழிகளைப் பிடித்துத்தான் அளக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வடக்கில் மீத்தேன் கணக்கு எப்படித் திருந்தியது என்பதை முதலில் பார்க்கலாம். அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் கேட்டி வால்ட்டரும் அவருடைய குழுவினரும் சைபீரியாவின் உறைமண் ஏரிகளில் இலையுதிர் கால இறுதியில் புதிதாக உறைந்த பனிக்கட்டியின் மேல் நடந்து, குமிழித் திரள்களை எண்ணி வகைப்படுத்தினர்; அவற்றின் மேல் பொறிகளை வைத்து வாயுவையும் சேகரித்தனர். 2006இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த அவர்களது முடிவு இது: அந்த ஏரிகளின் மீத்தேன் வெளியீட்டில் 95 விழுக்காடு குமிழிகளாகவே வருகிறது, அதைச் சேர்த்துக்கொண்டால் அப்பகுதி ஏரிகளின் வெளியீடு முந்தைய மதிப்பீட்டைப்போல் ஐந்து மடங்காகிறது. அதற்கு முன் அளந்தவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். குமிழி ஏரி முழுவதும் சீராக எழுவதில்லை. சில புள்ளிகளில், சில நேரங்களில் மட்டுமே எழுகிறது. அந்தப் புள்ளிகள் எங்கே என்பதைப் பனிக்கட்டி காட்டிக்கொடுத்தது.

வெப்பமண்டலத்துக்கு அந்த வசதி இல்லை. மாறாக, வாயு உண்டாவதற்கான வசதி ஏராளம். நன்னீர்ச் சூழல்களின் மீத்தேன் வெளியீடு வெப்பநிலையோடு எவ்வாறு உயர்கிறது என்பதைத் தொகுத்த 2014ஆம் ஆண்டு ஆய்வொன்று, 0 பாகையிலிருந்து 30 பாகைக்கு உயரும்போது அது 57 மடங்காகலாம் என்றது. சிங்கப்பூரின் தேங்குநீர் ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே இருக்கிறது.

ஃபேரர் பார்க் இப்போது மருத்துவமனையும் விடுதிகளும் ரயில் நிலையமுமாக இறுகிப்போன நிலம். 1843இல் இங்கே முதல் குதிரைப் பந்தயம் நடந்தபோதும், அதன் பின்னர் பெலிலியோஸ் சாலைப் பக்கம் மாட்டு வணிகம் கொழித்தபோதும் சுற்றுப்புறம் தாழ்நிலச் சதுப்பாகவே இருந்தது. எருமைகளுக்கு வேண்டிய நீரும் புல்லும் கிடைத்ததால்தான் தமிழர்களும் வட இந்தியர்களும் தொழுவங்களை இங்கே அமைத்தனர். (அந்த எருமைகளின் இரைப்பையில் மீத்தேன் தயாரித்த ஆர்க்கியா எனும் நுண்ணுயிர்களும் சதுப்பின் சேற்றில் தயாரித்த ஆர்க்கியாவும் உறவுக்காரர்களே.) சதுப்பு தூர்க்கப்பட்டது, வடிகால்கள் கான்கிரீட்டாயின. ஆனால் நீர் போகும் திசை மாறவில்லை. தெற்கே சரிந்தால் தேக்கா வட்டாரத்தை ஒட்டிய ரோச்சோர் கால்வாய், வடக்கே சரிந்தால் வாம்போ ஆறு. இரண்டும் சேர்வது, இன்று மரினா நீர்த்தேக்கத்தின் பகுதியாகிவிட்ட காலாங் படுகையில்தான்.

அந்தப் படுகை 2008 வரை கடலோடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் உண்டு. உயிர்வளியற்ற சேற்றில் சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனையும் அசிட்டேட்டையும் மீத்தேன் ஆர்க்கியாவுக்கு முன்பே பறித்துக்கொள்கின்றன. அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் கைவரிசை. சல்பேட் தீர்ந்த ஆழத்தில்தான் மீத்தேன் தலைதூக்கும். கடலைத் தடுத்து நிறுத்தும் மரினா அணைக்கட்டு 2008இல் திறக்கப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மழைநீர் உப்பை வெளித்தள்ள, 2010இல் படுகை நன்னீரானது. சல்பேட் வரத்து அறுந்தது. நகரத்திலிருந்து வரும் இலைதழையும் வண்டலும் அறுந்துபோகவில்லை. சேற்றில் எஞ்சிய சல்பேட்டும் இரும்பும் சில காலம் தடையாக நின்றாலும், மீத்தேன் உண்டாகும் எல்லை சேற்றின் மேற்பரப்பை நோக்கி உயர்வதே எதிர்பார்க்கத்தக்கது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. பொதுப் பயனீட்டுக் கழகம் இந்த நீரைக் கண்காணிக்கிறது, வடிகால்கள் தூர்வாரப்படுகின்றன, தேக்கத்தின் பரப்பு சுமார் 240 ஹெக்டேர்தான், உலகக் கணக்கில் இது துளி என்பார்கள். துளி என்பதை ஏற்கிறேன். ஆனால் கரைந்த வாயுவைப் புட்டியில் எடுத்து அளப்பது இந்தத் துளியைக்கூடச் சரியாகச் சொல்லாது. 30 பாகையில் ஒரு லிட்டர் நீர் தாங்கும் மீத்தேன் ஏறக்குறைய 30 மில்லிலிட்டர்தான், மீதி குமிழியாகிறது. ஆழமற்ற நீரில் அக்குமிழி, மீத்தேனை உண்ணும் நுண்ணுயிர்களுக்குச் சிக்காமல் நொடிகளில் மேலே வந்துவிடுகிறது. ரோச்சோர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் காற்றில்லாத காலையில் கரையோரம் நின்றால், ஒரே இடத்திலிருந்து நாலைந்து குமிழிகள் நூல் பிடித்தாற்போல் வந்து உடைவதைக் காணலாம். அவை மீத்தேன்தானா என்பதைக் கண் சொல்லாது. கவிழ்த்த புனலும் அதன் கழுத்தில் நீர் நிரப்பிச் செருகிய குப்பியும் சொல்லும். 1776இல் மஜோரே ஏரியின் கரையில் சேற்றைக் கோலால் கிளறி வாயுவைப் பிடித்த வோல்ட்டாவின் முறையிலிருந்து இது வெகுதூரம் வந்துவிடவில்லை.

இது நடக்கக்கூடிய காரியம் என்பதற்குத் தமிழ்நாட்டை உள்ளடக்கிய முன்னுதாரணமும் உண்டு. பாலதண்டாயுதபாணி பன்னீர் செல்வம், சிவகிருத்திகா நாச்சிமுத்து முதலியோர் தென்னிந்தியாவின் ஏரி, குளம், ஆறு, கிணறு, கால்வாய் என 45 நீர்நிலைகளில் மிதவைக் கலன்களைக் கவிழ்த்து அளந்து, 2014இல் ‘குளோபல் சேஞ்ச் பயாலஜி’ இதழில் வெளியிட்டனர். இந்திய உள்நாட்டு நீர்நிலைகளின் மீத்தேன் வெளியீடு ஆண்டுக்கு 21 லட்சம் டன் என்பது அவர்களது மதிப்பீடு. ஒரு குளம்போல் மற்றொரு குளம் இல்லை என்பதும் அந்த அளவீடுகளில் தெளிவாகத் தெரிகிறது. எனவே ஓர் ஊரின் எண்ணை எடுத்து இன்னோர் ஊருக்கு ஒட்டவைப்பதை நான் ஏற்பதில்லை.

அளக்கும் நேரமும் முக்கியம். நீரின் அழுத்தம் குறையும்போது சேறு வாயுவை விடுகிறது. முன்பு கடல் வற்றம் நாளுக்கு இருமுறை அந்த வேலையைச் செய்தது. இப்போது நீர்மட்டத்தைத் தீர்மானிப்பவை ஒன்பது மதகுகளும் ஏழு இறைப்பான்களும்: கனமழையின்போது கடல் வற்றியிருந்தால் மதகு தாழ்கிறது, பெருகியிருந்தால் இறைப்பான்கள் ஓடுகின்றன. ஆகவே மாதம் ஒருமுறை, பகலில், வசதியான நாளில் மாதிரி எடுக்கும் திட்டம் இங்கே பொருந்தாது. மதகு இயக்கப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரோச்சோரும் வாம்போவும் வண்டலைக் கொண்டுவந்து இறக்கும் முகப்புகளில் பொறிகளை நிறுத்தி, வடகிழக்குப் பருவமழை மாதங்களையும் பிப்ரவரியின் வறண்ட வாரங்களையும் சேர்த்து இரவுபகலாக அளக்க வேண்டும்.