ஒரு மஸ்டாங் மகிழுந்தும் நம் பால்மரமும்



சென்ற பள்ளி விடுமுறையில், கிள்ளானில் பட்டறை நடத்தும் என் முன்னாள் மாணவர் ஒருவர் என்னை அழைத்திருந்தார். 1966-ஆம் ஆண்டின் போர்டு மஸ்டாங் மகிழுந்து ஒன்றை மூன்று ஆண்டுகள் உழைத்துப் புதுப்பித்து, விற்பனைக்கு ஆயத்தமாக நிறுத்தியிருந்தார். "ஐயா, அறிவிப்பைத் தமிழிலும் போடப் போகிறேன். நீங்கள்தான் எழுதித் தரவேண்டும்" என்றார். முதல் வரியை மட்டும் அவரே எழுதி வைத்திருந்தார்: 'நம் தாத்தாமார் வெட்டிய பாலில் ஓடிய காடி.'

"இதை எங்கே படித்தாய்?" என்று கேட்டேன்.

"நீங்கள்தானே ஐயா, ஆறாம் ஆண்டு வகுப்பில் சொன்னீர்கள்!"

நான் சொன்னது உண்மைதான். அமெரிக்க மகிழுந்துகளெல்லாம் நம் தோட்டத்து இரப்பரில்தான் ஓடின என்று பல ஆண்டுகள் வகுப்பில் முழங்கியவன் நான். அந்த வரியை அறிவிப்பில் எழுதப் பேனாவை எடுத்தபோதுதான் ஐயம் எழுந்தது. 1966-இல் இந்த வண்டி வெளிவந்தபோது அதன் சக்கரத்தில் இருந்தது நம் பாலா?

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய இயந்திரத்தை நடுத்தர உடலுக்குள் திணித்து, இளைஞர் வாங்கும் விலையில் விற்ற அமெரிக்க வண்டிகளை அந்நாட்டார் 'மசல் கார்' என்பர். 'தசை மகிழுந்து' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மாணவர்கள் சிரிப்பார்கள். 'வலுமகிழுந்து' என்று வைத்துக்கொள்வோம். 1964-இல் வந்த போண்டியாக் ஜி.டி.ஓ. வண்டியையே இவ்வகையின் முன்னோடி என்பர் பலர். அதே ஆண்டு ஏப்ரல் 17-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானது. இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் பத்து இலட்சம் வண்டிகள் உருவாயின. கறாரான ஆர்வலர்கள் மஸ்டாங்கை வலுமகிழுந்து என ஒப்பமாட்டார்கள். அதற்குப் 'போனி கார்' என்று தனிப்பெயர் உண்டு. அந்த வழக்கில் நான் தலையிடப் போவதில்லை.

என் மாணவரின் வண்டியில் பழைய 4.7 லிட்டர் வி-8 இயந்திரம் அப்படியே இருக்கிறது. கார்புரேட்டரை நீக்கிவிட்டு மின்னணு எரிபொருள் செலுத்தியைப் பொருத்தியிருக்கிறார். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் இருந்த வண்டி அது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றினார். ஐந்து வேக கியர்பெட்டி, அலுமினிய ரேடியேட்டர், மின்விசிறி, குளிர்சாதனம் எல்லாம் புதியவை. கிள்ளான் கூட்டரசு நெடுஞ்சாலையின் நண்பகல் நெரிசலில் பழைய ரேடியேட்டர் பத்து நிமிடம் தாங்காது என்றார். எல்லாவற்றிலும் கடினம் ஸ்டீயரிங்கை இடமிருந்து வலம் மாற்றியதாம். தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்குடன் மஸ்டாங் வரத் தொடங்கியது 2015-இல்தான். ஆகவே டாஷ்போர்டைத் தலைகீழாகப் புரட்டியதுபோல் புதிதாய்ச் செய்து, மிதிகளையும் பிரேக்கின் தலைமை உருளையையும் மறுபக்கம் கொண்டுபோய், இயந்திர அறையின் தடுப்புச்சுவரில் புதுத் துளைகள் இட்டு, பழையவற்றை அடைத்திருக்கிறார். பற்றவைத்த தடம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறாம் ஆண்டில் இவருடைய கையெழுத்தைக் கண்டு நான் கவலைப்பட்டதுண்டு!

இனி இரப்பருக்கு வருவோம். 1908-இல் போர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' வந்தபின் டயர்த் தேவை பெருகியது. மலாயாவில் காடுகள் பால்மரத் தோட்டங்களாயின. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கப்பலேறினர். 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலிருந்து, இரப்பர் உலகெங்கும் சென்றது. இதுவரை நான் வகுப்பில் சொன்னது சரி.

ஆனால் 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமாஷிதாவிடம் சரணடைந்த இடம் எது தெரியுமா? புக்கிட் தீமாவில் இருந்த போர்டு மகிழுந்துத் தொழிற்சாலை! மலாயாவின் இரப்பர் கைநழுவிப் போனதால் அமெரிக்கா செயற்கை இரப்பருக்குப் பாய்ந்தது. 1945-க்குள் அதன் உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 8 இலட்சம் டன்னை எட்டியது. போர் முடிந்தபின்பும் அமெரிக்கர்கள் அதைக் கைவிடவில்லை. ஆக, 1966-இன் மஸ்டாங் டயரில் பெரும்பங்கு எண்ணெயிலிருந்து பிறந்த இரப்பரே. நான் சொல்லிக் கொடுத்தது பிழை.

கதை அங்கேயும் நிற்கவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. ஏற்கெனவே காப்புறுதிக் கட்டணத்தாலும் புகைக் கட்டுப்பாட்டாலும் தளர்ந்திருந்த வலுமகிழுந்துகளுக்கு அது இறுதி அடி. 1974-இன் மஸ்டாங் அமெரிக்காவில் வி-8 இயந்திரமே இல்லாமல் வந்தது. அதே பத்தாண்டில் அமெரிக்கர்கள் ரேடியல் டயருக்கு மாறினர். அதன் பக்கச்சுவர் ஓயாது வளைவது. சூடேறாமல் தாங்க இயற்கை இரப்பர் கூடுதலாக வேண்டும். நம் பால் மீண்டும் அமெரிக்கச் சாலைக்குப் போனது. ஆனால் அதற்குள் இங்கே தோட்டங்கள் செம்பனைக்கு மாறத் தொடங்கியிருந்தன. பத்து தீகா அருகே சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த நிலத்தில் ஷா ஆலம் எழுந்தது. அந்நகரில் 1972 முதல் இயங்கிய குட்இயர் டயர்த் தொழிற்சாலையும் 2024-இல் மூடப்பட்டுவிட்டது.

இதையெல்லாம் மாணவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது. "அப்படியென்றால் தாத்தாவுக்கும் இந்த வண்டிக்கும் சம்பந்தமே இல்லையா ஐயா?"

அப்போதுதான் 1941-ஐச் சொன்னேன். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை வழிநடத்திய ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் என நீண்ட கோரிக்கைகளுள் ஒன்று மிதிவண்டி பற்றியது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள்.

பக்கத்தில் சக்கரம் துடைத்துக்கொண்டிருந்த பையனும் துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தம் தாத்தா கடைசிவரை கார் வரும் ஓசை கேட்டால் மிதிவண்டியை ஓரங்கட்டி இறங்கிவிடுவார் என்றும், வயதானதால் பயம் என்றே வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள் என்றும் சொன்னார்.

அறிவிப்பை எழுதிக் கொடுத்தேன். ஆண்டு, இயந்திரம், பிரேக், கியர்பெட்டி, வலப்பக்க ஸ்டீயரிங், நான்கு புதிய ரேடியல் டயர்கள். அவர் வைத்திருந்த முதல் வரியை அவரே அடித்துவிட்டார்.