ஜப்பானியத் தபால் துறையின் தனியார்மயம்

ஜப்பானில் சர்க்கார் நடத்திவந்த தபால், தபால் சேமிப்பு, தபால் ஆயுள் இன்ஷூரன்ஸ் ஆகிய மூன்றையும் கம்பெனிகளாக மாற்றிப் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கும் பொருட்டு 2005-இல் நிறைவேறிய சட்டத்தையும், அதைத் தொடர்ந்த நடவடிக்கைகளையும் இத்தலைப்பு குறிக்கும். தேசியத் தபால் துறையைத் தனியாரிடம் விடலாமா என்னும் வினா பல நாடுகளில் எழுந்ததுண்டு. ஜப்பானிலோ அது ஒரு பொதுத்தேர்தலுக்கே காரணமாயிற்று. கடிதத்தின் பெயரால் நடந்த அந்த விவாதத்தின் உட்பொருள் பணமே. பணத்தைப் பற்றிய பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்த பின்னும், கடிதத்தைப் பற்றிய பிரச்சினை தீராமல் நிற்கிறது.

தோற்றம்

சர்க்கார் அதிகாரி மயேஜிமா ஹிசோக்காவின் திட்டப்படி 1871-இல் தபால் தொடங்கியது. 1875-இல் சேமிப்பும், 1916-இல் ஆயுள் இன்ஷூரன்ஸும் அதனுடன் சேர்ந்தன. கஜானாவில் போதிய பணமில்லாத அன்றைய மேய்ஜி சர்க்கார், ஊரிலே நிலமும் செல்வாக்கும் உடையவர்களை அணுகி, அவர்தம் வீட்டின் ஒரு பகுதியைத் தபாலாபீஸாக ஒதுக்கித் தருமாறு வேண்டி, பிரதியாகப் போஸ்ட் மாஸ்டர் என்ற பதவியையும் அதற்குரிய கௌரவத்தையும் அளித்தது. தந்தைக்குப் பின் மகன் என்ற பாரம்பரியமாகப் பல ஊர்களில் நிலைத்துவிட்ட இந்த ஏற்பாட்டின் பயனாக, பிற்காலத்தில் ஏறத்தாழ 24,000 தபாலாபீஸ்களுள் பெரும்பான்மையானவை இவ்வகையைச் சேர்ந்தவையாக இருந்தன. ஊரார் ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி அறிந்த இந்தப் போஸ்ட் மாஸ்டர்கள், தேர்தல் காலத்தில் லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு வாக்குத் திரட்டித் தரும் பெருஞ்சக்தியாகவும் விளங்கினர்.

சேமிப்பு நிதி

தபால்காரர் வீட்டு வாசலிலேயே வந்து பெற்றுக்கொண்ட சிறுசேமிப்பும், ஆறு மாதம் கழிந்தபின் எப்பொழுது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளத்தக்கதாய்ப் பத்து ஆண்டுவரை வட்டி வளரும் நிலை வைப்பும், சர்க்காரின் உத்தரவாதம் உடையவை என்ற காரணத்தால் மக்களின் பூரண நம்பிக்கையைப் பெற்றன. இன்ஷூரன்ஸ் நிதியையும் சேர்த்து 300 லட்சம் கோடி யென்னுக்கும் மேற்பட்ட செல்வம் இவ்வாறு திரண்டது. சேமிப்புப் பணம் 2001 வரை நிதி மந்திரி இலாகாவின் வசம் சென்று, அங்கிருந்து நெடுஞ்சாலை, பாலம் முதலியவற்றை அமைக்கும் பொதுக் கார்ப்பரேஷன்களுக்குக் கடனாகப் போயிற்று. வருமானம் தராத நிர்மாணங்களில் மக்கள் பணம் முடங்குகிறது என்று பொருளாதார அறிஞர்கள் குறைகூறினர். வரியும் வைப்பு இன்ஷூரன்ஸ் கட்டணமும் செலுத்தாத ஒரு ஸ்தாபனத்துடன் தாங்கள் போட்டியிட நேர்வது அநீதி என்று வங்கிகள் முறையிட்டன.

2005-ஆம் ஆண்டுத் தேர்தல்

முன்பு தபால் மந்திரியாக இருந்தபோதே தனியார்மயத்தை வற்புறுத்திய ஜூனிச்சிரோ கொய்ஸுமி, பிரதம மந்திரியானதும் அதைத் தம் ஆட்சியின் தலையாய லட்சியமாகக் கொண்டார். தபால் துறை 2003-இல் பொதுக் கார்ப்பரேஷனாக மாறிற்று. தனியார்மய மசோதா, 2005 ஜூலையில் கீழ்ச்சபையில் 233-க்கு 228 என்ற ஐந்து வாக்கு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்து, ஆகஸ்டு 8-ஆம் தேதி மேல்சபையில் 108-க்கு 125 என்ற கணக்கில் தோற்றது. அன்றைய தினமே கீழ்ச்சபையைக் கலைத்த கொய்ஸுமி, எதிர்த்து வாக்களித்த தம் லிபரல் ஜனநாயகக் கட்சியினருக்கு ஆதரவு மறுத்து, அவர்கள் தொகுதிகளில் புதிய வேட்பாளர்களையும் நிறுத்தினார். செப்டம்பர் 11-ஆம் தேதி நடந்த தேர்தலில் மொத்தம் 480 இடங்களில் அவருடைய கட்சி 296 இடங்களைப் பெறவே, அக்டோபரில் மசோதா சட்டமாயிற்று.

கம்பெனிகளும் பங்கு விற்பனையும்

2007 அக்டோபர் 1-ஆம் தேதி, ஒரு தலைமைக் கம்பெனியின் கீழ் தபால் விநியோகம், தபாலாபீஸ் நிர்வாகம், வங்கி, இன்ஷூரன்ஸ் என்ற நான்கு கம்பெனிகள் உதித்தன. 2009-இல் ஆட்சிக்கு வந்த ஜனநாயகக் கட்சி பங்கு விற்பனையை நிறுத்திவைத்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரண்டு கம்பெனிகளையும் ஒன்றாக்கி, வங்கி, இன்ஷூரன்ஸ் பங்குகள் முழுவதையும் 2017-க்குள் விற்றுத் தீரவேண்டும் என்ற கெடுவையும் நீக்கிற்று. தலைமைக் கம்பெனி, வங்கி, இன்ஷூரன்ஸ் ஆகிய மூன்றின் பங்குகளும் 2015 நவம்பர் 4-ஆம் தேதி டோக்கியோ பங்குச் சந்தைக்கு வந்தன. தலைமைக் கம்பெனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கார் வைத்திருக்கவேண்டும் என்பதும், கடிதம் சுமக்கும் கம்பெனி முழுவதும் அத்தலைமைக் கம்பெனிக்கே உரியதாக இருக்கவேண்டும் என்பதும் சட்டத்தின் விதிகள். ஆகவே விலைக்கு வந்தவை பணம் ஈட்டும் அங்கங்களே.

பொதுச்சேவைக் கடமை

எத்தனை தொலைவான தீவாயினும் ஒரே கட்டணத்தில் கடிதத்தைச் சேர்ப்பிக்கும் கடமை, உடைமை மாறியபோதும் மாறவில்லை. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் தபாலாபீஸ்களில் சேமிப்பு, இன்ஷூரன்ஸ் சேவைகளையும் அக்கடமையில் சேர்த்தது. கடிதக் கடமையின் சுமையை ஒரு நிகழ்ச்சி தெளிவாக்கும். கடிதப் போக்குவரத்தை முழுமையாக நடத்தத் தனியாருக்கு 2003-இல் சட்டம் வழிவிட்டது. ஆயின் நாடெங்கும் சுமார் ஒரு லட்சம் தபால் பெட்டிகளை நிறுவவேண்டும் என்ற நிபந்தனையைக் கண்டு, பார்சல் தொழிலில் பெயர்பெற்ற கம்பெனிகளும் அப்பொறுப்பை ஏற்க முன்வரவில்லை.

இதற்கிடையே, 2001-இல் சுமார் 2,600 கோடியாக இருந்த தபால்களின் எண்ணிக்கை 2022-இல் 1,450 கோடிக்கும் கீழே இறங்கிற்று. 2021 அக்டோபரில் சாதாரணக் கடிதங்களின் சனிக்கிழமை விநியோகம் நின்றது. 2024 அக்டோபரில் கடிதக் கட்டணம் 84 யென்னிலிருந்து 110 யென்னாக உயர்ந்தது. தபாலாபீஸ்களைக் காக்கும் செலவுக்காக வங்கியும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பணம் செலுத்தும் ஏற்பாடு 2019 முதல் நடைமுறையில் உள்ளது.

மதிப்பீடு

சேமிப்புப் பணம் பொதுப்பணிகளுக்குத் தானாகப் பாய்வதைத் தடுத்தது 2001-ஆம் ஆண்டுச் சீர்திருத்தமே எனினும், அந்நிதியை அரசியலின் பிடியிலிருந்து மேலும் விலக்கியது தனியார்மயத்தின் பயன் என்பர் ஆதரவாளர். அதன் மறுபக்கம் 2019-இல் வெளிப்பட்டது. விற்பனை இலக்கை எட்டும் ஆவலில், தபாலாபீஸை நம்பிய முதியோர் பலரிடம் பழைய பாலிஸிக்கும் புதிய பாலிஸிக்கும் ஒருங்கே தவணை வசூலிக்கப்பட்டது அம்பலமாகவே, இன்ஷூரன்ஸ் விற்பனையை மூன்று மாதம் நிறுத்துமாறு நிதிச் சேவைகள் ஆணையம் கட்டளையிட்டது. தலைமைக் கம்பெனி, தபால் கம்பெனி, இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆகிய மூன்றின் தலைவர்களும் பதவி துறந்தனர். சர்க்காரின் பெயரால் ஒன்றரை நூற்றாண்டாகச் சேர்ந்த நம்பிக்கையையே மூலதனமாகக் கொண்டு லாபம் தேடியதன் விளைவு இது.

பங்குகளை விற்கலாம், கடமையை விற்க இயலாது என்பதே ஜப்பானின் அனுபவம் காட்டுவது. லாபம் தரும் சேமிப்பு, லாபம் தராத கடிதத்தைத் தாங்கிவந்த பழைய ஏற்பாட்டில் அக்கடமையின் விலை எவர் கண்ணிலும் படவில்லை. வங்கியும் இன்ஷூரன்ஸும் தனித்தனிப் பங்குதாரர்களுக்கு உரிமையாகுந்தோறும், அவ்விலையைக் கட்டணம் செலுத்துவோர் ஏற்பதா, பங்குதாரர் ஏற்பதா, வரி செலுத்துவோர் ஏற்பதா என்பதைப் பார்லிமெண்டே வெளிப்படையாக நிர்ணயிக்க நேரும்.