பணம் யார் கையில்?

காலையில் எத்தனை மணிக்கு எழுவது, எப்போது குளிப்பது, இரவு எப்போது படுப்பது... இதற்கெல்லாம் யாரும் அடுத்தவரிடம் அனுமதி கேட்பதில்லை. ஆனால் பிறர் உதவியின்றிப் படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் நிலை என்ன?

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்றொரு பராமரிப்பு இல்லம் இருந்தது. முன்னாள் போர் விமானி லெனார்ட் செஷயர் 1948-ல் தொடங்கியது. அங்கு தங்கியிருந்த மாற்றுத்திறனாளிகளுக்கான செலவை உள்ளாட்சி நிர்வாகங்கள் கொடுத்தன. சாப்பாடு, படுக்கை, உதவியாளர் எல்லாம் உண்டு. அன்றாட வாழ்க்கையை நடத்தும் உரிமை மட்டும் அவர்களிடம் இல்லை.

1979-ல் ஜான் இவான்ஸ் உள்ளிட்ட சிலர் அங்கிருந்து வெளியேறத் திட்டமிட்டனர். 1981 சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு என்பதால் அதற்கு 'புராஜெக்ட் 81' என்று பெயர். அவர்கள் கேட்டது இதுதான்: இல்லத்துக்குத் தரும் பணத்தை எங்களிடம் தாருங்கள், உதவியாளர்களை நாங்களே வேலைக்கு வைத்துக்கொள்கிறோம்.

இதற்குச் சட்டம் குறுக்கே நின்றது. 1948-ம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டப்படி உள்ளாட்சிகள் சேவை வழங்கலாம், ரொக்கம் தரக்கூடாது. எனவே ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். பணம் இல்லத்துக்குப் போகும், இல்லம் அதை உரியவரிடம் கொடுக்கும். 1983-ல் இவான்ஸ் சொந்த வீட்டில் குடியேறினார். ஆள் தேர்வு, வேலை நேரம், சம்பளக் கணக்கு எல்லாம் இப்படிப் போனவர்களின் பொறுப்பாயின. பராமரிக்கப்பட்டவர்கள் முதலாளிகள் ஆனார்கள்!

செலவு ஏறிவிடும் என்ற அச்சம் ஆட்சியாளர்களிடம் இருந்தது. ஆனால், ரொக்கமாகக் கொடுப்பதே மலிவு என்று 1994-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மாற்றுத்திறனாளிகளின் அமைப்பே அதற்கு ஏற்பாடு செய்திருந்தது. 1996-ல் நேரடிப் பணம் வழங்கும் சட்டம் நிறைவேறி, 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முதலில் 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். 2000-ல் முதியவர்களுக்கும் கிடைத்தது.

கதை அத்துடன் முடியவில்லை. கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்காக 1988-ல் அரசு தொடங்கிய சுதந்திர வாழ்வு நிதி, 2015 ஜூன் 30-ல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் அந்தப் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் போனது. ஸ்காட்லாந்து மட்டும் தனக்கென ஒரு நிதியை அமைத்துக்கொண்டது.

பணத்தை எப்படிச் செலவிடுவது என்ற உரிமையை அவர்கள் போராடி வென்றார்கள். எவ்வளவு பணம் என்பதை இன்னும் வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். தொகை குறைந்தால் உதவியாளர் வரும் நேரம் குறையும். எத்தனை மணிக்கு எழுவது என்ற பழைய கேள்வி அப்போது திரும்பவும் வந்து நிற்கும்.